வேளச்சேரி இன்டர்வியூ ட்ரெய்னிங் சென்டர்: 14,160 ரூபாய்க்கு என்ன கிடைச்சுது, எத சும்மாவே முடிச்சிருக்கலாம்

முதல்லயே சொல்லிடறேன், இது அஞ்சுக்கு மூணு ஸ்டார் ரிவ்யூ. அந்த மூணுல ரெண்டரை அங்க சனிக்கிழமை மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ எடுக்குற ஒரு பெரியவருக்கு, மிச்சம் அரை ஏசிக்கு. பேரு போடல, ஏன்னா கொற சொல்ற எடம் நெறய வருது, அதுவும் இல்லாம சென்னை, கோயம்புத்தூர், மதுரை எங்க போனாலும் இந்த மாதிரி சென்டர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், போர்டு மட்டும் வேற. ஃபைனல் இயர் முடிச்சிட்டு முத இன்டர்வியூக்கு ரெடியாகுற பசங்க, அவங்களுக்கு காசு கட்டப்போற அண்ணன், அக்கா, அப்பா, அம்மாவுக்காக எழுதுறேன்.

சேத்துவிட்டது என் தம்பிய. இஇஇ, அதாவது எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங், கோவில்பட்டி பக்கம் காலேஜ், ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம். கேம்பஸ்ல வழக்கமா வைக்குற கட் ஆஃப் தெரியும்ல, பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் இருக்கக்கூடாதுன்னு, அதெல்லாம் பையன் தாண்டிட்டான், ஆன்லைன் டெஸ்ட்டும் க்ளியர் பண்ணிட்டான், நேர்ல உக்காந்து பேசுற ரவுண்டுலதான் ஒவ்வொரு தடவையும் வெளிய வந்துட்டு இருந்தான். நான் ஐடில இருக்கேன், ஆபீஸ்ல ஃப்ரெஷர் எடுக்கும்போது கேள்வி கேக்குற பேனல்ல உக்கார வைப்பாங்க, அப்ப நீயே சொல்லிக்குடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. கூடப்பொறந்தவனுக்கு சொல்லிக்குடுக்குறதெல்லாம் நடக்குற காரியமா. ரெண்டாவது கேள்விலயே "நீ சும்மா இரு யக்கா, உங்க ஆபீஸ்ல அப்படி, கோர்ல வேற மாதிரி"ன்னு எந்திரிச்சு போயிடுவான். கோர்னா அவன் படிச்ச எலக்ட்ரிக்கல் துறையிலயே வேலை. சரி, வெளியாள் சொன்னா கேப்பான்னு காச கட்டினேன்.

ஃபீஸ் கதை. ஃபோன்ல கேட்டப்ப 12,000ன்னாங்க. நேர்ல போயி கவுன்சிலிங்னு சொல்லி ஒரு பொண்ணு அரை மணி நேரம் பேசி முடிச்சதும் பில்லுல 14,160. என்னங்கன்னா ஜிஎஸ்டி 18 சதவீதம் மேடம்ங்கறாங்க. வரி நியாயமான வரிதான், கோச்சிங் க்ளாஸுக்கு 18 சதவீதம் உண்டு, அத ஃபோன்லயே சொல்லலாம்ல. எங்க சேந்தாலும் "வரியோட எவ்ளோ"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லா வாங்கிக்கோங்க, வெள்ளப் பேப்பர்ல எழுதிக்குடுக்குறதுக்கெல்லாம் வரி கட்டாதீங்க. அப்புறம் அந்த "நூறு சதவீத ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்". இதுல அசிஸ்டன்ஸ்னா ஒரு வாட்ஸ்அப் க்ரூப். அதுல வர்ற லிங்க் எல்லாம் கம்பெனிக்காரன் அவன் கேரியர் பேஜ்ல ஊருக்கே திறந்து வச்சிருக்குறது, நௌக்ரிலயும் லிங்க்ட்இன்லயும் நீங்களே பாக்கலாம். க்ரூப்ல ஒரு தடவ "செக்யூரிட்டி டெபாசிட் 25,000 கட்டினா நேரா ஹெச்ஆர் ரவுண்டு"ன்னு எவனோ ஒரு கன்சல்டன்சி மெசேஜ் வந்துச்சு, சென்டர்காரங்க அத டெலிட் பண்ணதோட சரி, பசங்களுக்கு எச்சரிக்கையா ஒரு வார்த்த சொல்லல. நான் சொல்றேன், வேலை குடுக்குறவன் உங்களுக்கு காசு குடுப்பானே தவிர உங்ககிட்ட கேக்க மாட்டான், டெபாசிட்டு, லேப்டாப் சார்ஜ், ட்ரெய்னிங் ஃபீஸ்னு எந்த பேருல கேட்டாலும் அந்த நம்பர ப்ளாக் பண்ணுங்க.

இப்ப க்ளாஸுக்கு வர்றேன். ஆப்டிட்யூட் க்ளாஸ் வாரத்துல அஞ்சு நாள். சொல்லிக்குடுக்குற பையன் கெட்டிக்காரன், பைப்பு டேங்க் கணக்கு, ட்ரெயின் கணக்கு, பர்சன்டேஜ் எல்லாம் ஷார்ட்கட்டுல போட்டுத் தள்ளுறான், குத்தமே சொல்ல முடியாது. ஆனா இதுக்கு காசு தேவையான்னா இல்ல. இண்டியாபிக்ஸ் சைட்ல தலைப்பு தலைப்பா பிரிச்சு விடையோட ஃப்ரீயா கெடக்கு. டிசிஎஸ் கம்பெனி ஆள் எடுக்க வைக்குற என்க்யூடி மாதிரி டெஸ்ட்ல கேக்குறது கணக்கு, இங்கிலீஷ், ரீசனிங் மூணுதான், அதுக்கு மேல நிஞ்ஜா, டிஜிட்டல், ப்ரைம்னு அவங்க வச்சிருக்குற வேலை லெவல்ல எதுன்னு பிரிக்கிறதுக்கு கோடிங் எல்லாம் வரும், இந்த முதல் மூணுக்கு டெய்லி ரெண்டு மணி நேரம் டைமர் வச்சுப் போட்டாலே கை பழகிடும். 2022ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துல அரசு மூலமாவே காலேஜ் பசங்களுக்கு ஸ்கில் கோர்ஸ் குடுக்குறாங்க, என்பிடெல்ல ஐஐடி ப்ரொஃபசருங்க எடுத்த கோர்ஸ் வீடியோ எல்லாம் இலவசம், சர்டிஃபிகேட் பரீட்சைக்கு மட்டும்தான் காசு. ரூம்ல உக்காந்து படிக்க முடியலன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்த புக்கு கொண்டு போயி படிக்கவே தனி எடம் இருக்கு, மதுரைப் பசங்களுக்கு 2023ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. ஏசியும் உண்டு, சென்டர் ஏசிக்கு நான் குடுத்த அரை ஸ்டார இப்பவே வாபஸ் வாங்கிக்கலாம் போல.

கம்யூனிகேஷன் க்ளாஸ்தான் எனக்கு கடுப்பு. மொத வாரம் முழுக்க செல்ஃப் இன்ட்ரோ. ஒரு ஷீட் குடுக்குறாங்க, அதுல கோடு போட்ட எடத்துல பேரு, ஊரு, காலேஜ ரொப்பிக்கணும், மிச்சம் எல்லாம் எல்லாருக்கும் ஒண்ணு: ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், ஐ ஆம் எ குயிக் லேர்னர், மை ஸ்ட்ரென்த் ஈஸ் பாசிட்டிவ் ஆட்டிட்யூட், மை வீக்னெஸ் ஈஸ் ஐ டிரஸ்ட் பீப்பிள் ஈசிலி. கல்யாண வீடியோவுல எந்த ஜோடியா இருந்தாலும் ஒரே பாட்ட போடுவாங்கல்ல, அந்த மாதிரி. பேனல்ல உக்காந்திருக்குற ஆளா சொல்றேன், காலைல பத்து மணிலேருந்து இதையே கேட்டுட்டு இருக்கும்போது மத்தியானம் வர்ற பையன் வாயத் தொறந்த உடனே எந்த மாதிரி சென்டர்லேருந்து வர்றான்னு தெரிஞ்சிடும், நாங்க தலைய ஆட்டிட்டே ரெஸ்யூம படிச்சிட்டு இருப்போம். அவன் சொன்னது ஒண்ணும் காதுல ஏறாது. உண்மையா செல்ஃப் இன்ட்ரோ எதுக்குன்னா, அடுத்த பத்து நிமிஷம் எதப் பத்தி கேக்கலாம்னு பேனலுக்கு நீங்க எடுத்துக் குடுக்குற நூலு அது. ஹார்ட் ஒர்க்கர்ன்னா அதுலேருந்து என்ன கேக்குறது? ஒண்ணும் கேக்க முடியாது, அதனால அவங்க இஷ்டத்துக்கு எங்கேருந்தோ கேப்பாங்க, நீங்க முழிப்பீங்க.

க்ளாஸ்ல தமிழ் பேசினா பத்து ரூபா ஃபைன். ஒரு டப்பாவே வச்சிருக்காங்க. இதனால என்ன ஆச்சுன்னா இங்கிலீஷ் கொஞ்சம் வர்ற பசங்க பேசினாங்க, வராதவங்க வாயவே தொறக்கல. திருவண்ணாமலைலேருந்து வந்த ஒரு பொண்ணு, வீட்டுல மொத பட்டதாரி, ஆப்டிட்யூட்ல க்ளாஸ்லயே டாப்பு, கம்யூனிகேஷன் க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல கம்முனு உக்காந்திருக்கும்னு தம்பி சொன்னான். யோசிக்கிறத தமிழ்ல சொல்ல விட்டு அப்புறம் அத சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா மாத்த பழக்கினா அந்தப் பொண்ணெல்லாம் பிச்சு ஒதறியிருக்கும். க்ரூப் டிஸ்கஷன் பத்தி எழுத ஒண்ணுமில்ல, சோஷியல் மீடியா நல்லதா கெட்டதான்னு சத்தமா கத்துறவன் ஜெயிக்கிறான்.

ரெஸ்யூம் செஷன் ஒரே நாள். பழைய பேட்டர்ன்: ஓரத்துல பாஸ்போர்ட் ஃபோட்டோ, அப்பா பேரு, மதம், ஹாபி லிசனிங் டு மியூசிக், கடைசில "ஐ ஹியர்பை டிக்ளேர்"னு கையெழுத்து. இப்ப எந்த கம்பெனியும் இதக் கேக்கல. ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம் போதும், பிடிஎஃப்ல, ஃபைல் பேரு உங்க பேராவே இருக்கட்டும், "ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் நியூ"ன்னு அனுப்பாதீங்க ப்ளீஸ், வாரத்துக்கு ஒண்ணு வருது. ஸ்கில்ஸ்னு போட்டு சி, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, பைதான், மேட்லாப்னு வரிசையா அடுக்க சொன்னாங்க, இது ஆபத்து. நீங்க எழுதின ஒவ்வொரு வார்த்தையும் நீங்களே பேனலுக்கு போட்டுக்குடுக்குற கேள்வி. தம்பிகிட்ட ஜாவாவ அடிக்க சொன்னேன், அடிக்க மாட்டேன்னான், பின்னாடி வேற ஒருத்தர் சொல்லி அடிச்சான்.

அந்த வேற ஒருத்தர்தான் இந்த ரிவ்யூவே. சனிக்கிழமை மட்டும் வருவாரு, ஏதோ ஃபேக்டரில ரொம்ப வருஷம் மெயின்டனன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, எல்லாரும் சார்னுதான் கூப்பிடுறாங்க. மாக் இன்டர்வியூ ஒரு ஆளுக்கு அரை மணி நேரம், ஸ்டாண்டுல ஒரு மொபைல வச்சு ரெக்கார்ட் பண்ணி, முடிச்ச உடனே கூட உக்காந்து போட்டுக் காட்டுவாரு. ஃபீஸ் கட்டின வீட்டாளு பின்னாடி உக்காந்து பாக்கலாம்ன்னாங்க, அதனால ஒரு சனிக்கிழம நானும் போயி உக்காந்தேன்.

தம்பி ஷீட்ட ஒப்பிக்க ஆரம்பிச்சான். சார் ரெண்டாவது வரிலயே கைய காட்டி நிறுத்திட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, ஃபைனல் இயர்ல கையால என்ன செஞ்சீங்க, அதச் சொல்லுங்க"ன்னாரு. இவன் செஞ்சது வீட்டு மொட்டமாடி டேங்க்குக்கு தண்ணி லெவல் பாத்து மோட்டார ஆன் ஆஃப் பண்ற செட்டப்பு, அர்டுயினோ உனோன்னு ஒரு சின்ன கன்ட்ரோல் போர்டு, மேல மூடில சத்த அலைய வச்சு தூரம் பாக்குற ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், கீழ மோட்டாருக்கு ஸ்விட்சா ஒரு ரிலே. நெறய பசங்க மாதிரி ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கல, ரிச்சி ஸ்ட்ரீட்ல சாமான் வாங்கிட்டு வந்து இவனே ஒட்டினது, எங்க வீட்டு டேங்க்லதான் டெஸ்ட் பண்ணான், ரெண்டு நாள் தெருவுல தண்ணி ஓடுச்சு. ஆனா இத அவன் இன்ட்ரோல ஒரு வரி கூட சொன்னதே இல்ல, கேட்டா "எல்லாரும் பண்ற ப்ராஜெக்ட்தானே"ங்கறான்.

சார் விடல. சென்சார் எவ்ளோ தூரம் பாக்கும்னாரு. ரெண்டு செமீலேருந்து நாலு மீட்டர்ன்னான். "அப்ப தண்ணி ஏறி ரெண்டு செமீக்குள்ள வந்துட்டா உங்க சென்சார் என்ன சொல்லும்?" பையன் மேல பாக்குறான், கீழ பாக்குறான், என்னையப் பாக்குறான். நான் மூஞ்ச திருப்பிக்கிட்டேன். ஒரு இருபது செகண்டு சத்தமே இல்ல. அப்புறம் சார் மெதுவா, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, சொல்லிட்டு நிறுத்தாதீங்க, என்ன ஆகலாம்னு சத்தமா யோசிங்க, நான் கேட்டுட்டு இருக்கேன்"ன்னாரு. அப்பதான் இவன் ஆரம்பிச்சான், தப்பான ரீடிங் வரலாம் சார், டேங்க் காலியா இருக்குன்னு நெனச்சு மோட்டார் ஓடிட்டே இருக்கும், அதான் எங்க வீட்டுல தண்ணி வழிஞ்சிருக்கு போல, சென்சார மூடிலேருந்து கொஞ்சம் ஒசரத்துல தூக்கி மாட்டிட்டு கட் ஆஃப் லெவல முன்னாடியே வச்சிருக்கணும்னு. இங்கிலீஷும் தமிழும் கலந்துதான் சொன்னான், சார் ஒண்ணும் சொல்லல. டேங்க்குள்ள ஆவி புடிச்சு சாதா சென்சார் சீக்கிரம் கெட்டுப்போகும், வாட்டர்ப்ரூஃப் சென்சார் போட்டா அதுக்கு கிட்டப் பார்வை இன்னும் மோசம், இருபது செமீக்கு மேலதான் சரியா பாக்கும்னு அவரு எடுத்துக்குடுத்தாரு.

அடுத்து ரிலே. பத்து ஆம்ப் ரிலேல ஒரு ஹெச்பி மோட்டார நேரா மாட்டினியான்னு கேட்டாரு. ஆமா சார், 746 வாட்ஸ்தானே, 230 வோல்ட்டுக்கு பத்து ஆம்ப்க்குள்ளதான வரும்ன்னான் தைரியமா. சார் சிரிச்சிட்டாரு. "ஓடும்போது வரும் தம்பி, ஸ்டார்ட் ஆகும்போது?" மோட்டார் கெளம்புற நேரத்துல அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அந்தச் சின்ன ரிலேல காண்டாக்ட் ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டா கோட்ல ஆஃப் பண்ணாலும் மோட்டார் நிக்காது, நடுவுல காண்டாக்டர்னு பெரிய கரண்ட தாங்குற ஸ்விட்ச் ஒண்ணு போடணும். இவன் இத காலேஜ்ல படிச்சிருக்கான், மெஷின்ஸ் பேப்பர்ல எழுதி மார்க்கும் வாங்கியிருக்கான், தன் வீட்டு மோட்டார்லயும் அதான் நடக்குதுன்னு இப்பதான் உறைக்குது. நான் ஐடிக்காரி, எனக்கே நோட்டு எடுக்கணும் போல இருந்துச்சு.

அப்புறம் வீடியோ போட்டாரு. இவன் ஒவ்வொரு வாக்கியத்துலயும் "ஆக்சுவலி" சொல்றான், எண்ணவே முடியல. யோசிக்கும்போது வலது கால் மேஜைக்கு அடில தையல் மிஷின் ஓட்டுது. நான் பல தடவ சொல்லி கேக்காத பய, தன்ன தானே ஸ்க்ரீன்ல பாத்ததும் காது செவந்துட்டான். சார் அதுக்கு அட்வைஸ் எதுவும் பண்ணல, "அடுத்த சனிக்கிழமை பாதத்த தரைல வச்சிட்டு பேசிப்பாருங்க"ன்னு மட்டும் சொன்னாரு. ரெஸ்யூம்ல ஜாவாவ பாத்துட்டு "இது எதுக்கு இங்க"ன்னு பேனாவால ஒரு கோடு. அவ்ளோதான், போச்சு ஜாவா.

அடுத்தடுத்த சனிக்கிழமைல அவரு சொல்லிக்குடுத்து இவன் தயார் பண்ண செல்ஃப் இன்ட்ரோ இப்ப ஒரு நிமிஷம்தான்: பேரு, ஊரு, இஇஇ, டேங்க் ப்ராஜெக்ட் பண்ணேன், அதுல ரெண்டு எடத்துல தப்பாச்சு, ஏன் தப்பாச்சுன்னு கண்டுபிடிச்சேன். இத கேட்டா எந்த பேனலும் அடுத்த கேள்வியா "என்ன தப்பாச்சு"ன்னுதான் கேக்கும், நான் இருந்தாலும் அதான் கேப்பேன், அங்கேருந்து வண்டி இவன் ரூட்லதான் போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கும் இதே கதைதான். ஜோஹோ மாதிரி எடத்துல எல்லாம் சி ப்ரோக்ராம் அவுட்புட், அப்புறம் உக்காந்து ஒரு சின்ன அப்ளிகேஷனே எழுதுற ரவுண்டு வரைக்கும் போவாங்க, அங்க ஹார்ட் ஒர்க்கர்னு ஒப்பிச்சு பிரயோஜனமில்ல, எழுதின கோட ஏன் அப்படி எழுதினேன்னு சொல்லத் தெரியணும்.

ஹெச்ஆர் கேள்விக்கும் சார் கொஞ்சம் நேரம் ஒதுக்குவாரு. ஷிஃப்ட் ஓகேவா, வெளியூர் போவியா, இத்தன வருஷம் விட்டுப் போகமாட்டேன்னு பாண்டு போட்டா சம்மதமா, இதுக்கெல்லாம் வீட்டுல மொதல்லயே பேசி முடிவு பண்ணிட்டுப் போகச் சொன்னாரு, அங்க போயி "அப்பாட்ட கேட்டு சொல்றேன் சார்"னு சொல்லக்கூடாதுன்னு. அதுவும் பாண்டு பேப்பர்ல எத்தன வருஷம், இடைல விட்டா எவ்ளோ, ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வாங்கி வச்சிப்பாங்களா, இந்த மூணையும் படிக்காம கையெழுத்து போடாதீங்கன்னாரு. ஒரிஜினல கேட்டா குடுக்காதீங்கன்னு நான் கூட சேத்து சொல்றேன், வெரிஃபிகேஷனுக்கு காட்டிட்டு கையோட வாங்கிட்டு வாங்க.

ட்ரெஸ் விஷயத்துல சென்டர்லயே டை விக்கிறாங்க, வாங்காதீங்க. ஃப்ரெஷருக்கு நம்ம ஊரு வெயில்ல டை யாரும் எதிர்பாக்கல. லைட் கலர் ஃபுல் ஹேண்ட் ஷர்ட், டார்க் பேண்ட்டு, அயர்ன் பண்ணது, பாலிஷ் போட்ட ஷூ, ரங்கநாதன் தெருவுல ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். புது ஷூன்னா ரெண்டு நாள் முன்னாடியே போட்டு நடங்க, கடிக்கும்.

ஆன்லைன் இன்டர்வியூக்குன்னு ஒரு செஷன் இருந்துச்சு, அது சின்னதா இருந்தாலும் நல்லா இருந்துச்சு, கேமரா கண்ணு ஒசரத்துல, வெளிச்சம் முன்னாடிலேருந்து, ஹாஸ்டல்னா ரூம்மேட்ட வெளிய அனுப்பிட்டு கதவுல பேப்பர் ஒட்டுறது, ப்ராக்டர்டு டெஸ்ட்ல, அதாவது ஆன்லைன்லயே கண்காணிக்குற டெஸ்ட்ல, டேப் மாத்தினாலே வார்னிங் வரும்னு எல்லாம் சொன்னாங்க.

ரிசல்ட் என்னன்னு கேப்பீங்க. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ் ட்ரெய்னியா ஆஃபர் வந்திருக்கு, சம்பளம் பெருசா ஒண்ணும் இல்ல, கோர்ல சேரணும்னு ஒத்தக்கால்ல நின்னவனுக்கு அது போதும். அந்த லிங்க் சென்டர் க்ரூப்ல வந்தது இல்ல, காலேஜ் சீனியர் ஒருத்தன் அனுப்பினது. உள்ள டேங்க் பத்திதான் பேசியிருக்காங்க, சார் கேக்காத ஒண்ண கேட்டாங்களாம், கீழ சம்ப்புல தண்ணி இல்லாம மோட்டார் வெறுமனே ஓடினா என்ன பண்ணுவன்னு. "அத நான் யோசிக்கல சார், இப்ப யோசிச்சா சம்ப்புலயும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டு ரெண்டும் சரின்னாதான் மோட்டார் எடுக்குற மாதிரி வைப்பேன்"ன்னு சொல்லியிருக்கான். ஆக்சுவலி எத்தனைன்னு நான் கேக்கல.

ஆக, முழு கோர்ஸுக்கு 14,160 குடுக்காதீங்க. ரிசப்ஷன்ல மாக் மட்டும் வேணும்னு கேட்டா மொதல்ல அப்படி இல்லைன்னுதான் சொல்லுவாங்க, கொஞ்சம் அழுத்திக் கேட்டா ஒரு சனிக்கிழமைக்கு 800ன்னு ஒரு ரேட்டு உள்ள இருக்கு, எங்களுக்கு கோர்ஸ் முடியுற நேரத்துலதான் அது தெரிய வந்துச்சு. உங்க ஊரு சென்டர்லயும் இதையே கேட்டுப் பாருங்க, மாக் எடுக்குறவரு வேலைல இருந்தவரா, இல்ல போன வருஷம் இதே கோர்ஸ்ல படிச்ச பையனான்னும் கேளுங்க, ரெண்டாவதுன்னா வேணாம். ஒண்ணும் கிடைக்கலன்னா வேலைல இருக்குற சீனியர் யாரையாவது புடிச்சு, மொபைல ரெக்கார்டுல போட்டு, ப்ராஜெக்ட்ட மட்டும் அரை மணி நேரம் கிண்டச் சொல்லுங்க.

வேளச்சேரிக்கே போறவங்களுக்கு: சார் காலைல பத்துலேருந்து ஒரு மணி வரைக்கும்தான், லிஸ்ட்ல பேரு வெள்ளிக்கிழமை சாயங்காலமே போட்டுடணும். லிஃப்ட் வேலை செய்யல, மூணாவது மாடி. ரெஸ்யூம் ப்ரின்ட் கீழ இருக்குற ஜெராக்ஸ் கடைலயே எடுத்துக்கோங்க, மேல பக்கத்துக்கு பத்து ரூபா வாங்குறாங்க.